கருப்பு-வெள்ளைப் பிரிண்ட்: ஐசிசி ப்ரொஃபைலா, ஏபிடபிள்யூவா?

கலர் படங்களை ஐசிசி ப்ரொஃபைல் (ஒரு பிரிண்டரும் தாளும் நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) வைத்து ஒழுங்காகப் பிரிண்ட் எடுக்கிறவர், கருப்பு-வெள்ளைப் படத்தையும் அதே வழியில் அனுப்பிவிடுவார். மேசை விளக்கில் குறையொன்றும் தெரியாது. சுவரில் மாட்டி மஞ்சள் எல்இடியைப் போட்டதும் மேகத்தில் லேசாக ரோஸ் படரும். டியூப்லைட்டுக்கு மாற்றினால் அதே மேகம் பச்சையடிக்கும். ப்ரொஃபைல்மேல் பழி போட்டுப் புதிதாக ஒன்று செய்தாலும் பெரும்பாலும் இது தீராது. கோளாறு இருக்கும் இடம் வேறு.

எப்சனின் நிறமி மை பிரிண்டர்களையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபோட்டோஷாப்பே வண்ணத்தை நிர்வகிக்க விட்டு, தாளுக்குரிய ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ப்ரொஃபைலைத் தேர்ந்து, டிரைவரில் வண்ணத் திருத்தத்தை அணைத்துவிடுவது. மற்றது, டிரைவரிலேயே இருக்கும் ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’, சுருக்கமாக ஏபிடபிள்யூ. 2005இல் மூன்று கருப்பு மைகளோடு வந்த ஆர்2400, 4800 தொடங்கி இப்போதைய பி700, பி900 வரை இது உண்டு. என் சாய்வு ஏபிடபிள்யூ பக்கம்தான். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: சாம்பல் நிறம் எந்த மையால் ஆகிறது என்பது.

ஆர்ஜிபி வழியில் டிரைவருக்குச் சாம்பல் என்று தனியாக எதுவும் கிடையாது. வருகிற மூன்று எண்களுக்கு ஏற்ப சயான், மெஜந்தா, மஞ்சள், அவற்றின் லைட் மைகள், கருப்புகள் எல்லாம் கலந்து தாளில் விழும். அந்தக் கலவை டி50 ஒளியில், அதாவது 5000 கெல்வின் பகல் வெளிச்சத்தில், நிறமற்றுத் தெரியும்படி எண்களைத் திருத்துவது ப்ரொஃபைலின் வேலை. வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் விளக்கு மாறியதும் ஒவ்வொரு வண்ண மையும் ஒளியை வெவ்வேறு அளவில் திருப்பி அனுப்ப, கணக்கு தப்புகிறது. கலர் படத்தில் சேலையின் சிவப்பு கொஞ்சம் நகர்ந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. சாம்பல் அதே அளவு நகர்ந்தால் கண்ணை உறுத்தும்.

ஏபிடபிள்யூவில் பெரும்பங்கு மை கருப்பு, லைட் பிளாக், லைட் லைட் பிளாக் ஆகிய மூன்றிலிருந்து வருகிறது. கார்பன் நிறமி எல்லா அலைநீளங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி உறிஞ்சும். எந்த விளக்கில் பார்த்தாலும் சாம்பல் சாம்பலாகவே நிற்கும். வண்ண மையே இல்லையா என்றால், இருக்கிறது. வெறும் கருப்பு மை மேட் (பளபளப்பில்லாத) தாளில் பழுப்பேறித் தெரியும் என்பதால், அதை ஈடுகட்ட லைட் சயானும் லைட் மெஜந்தாவும் சிட்டிகை அளவு சேர்கின்றன. உணவில் உப்பு போல, அதுவே குழம்பாகிவிடாது.

இதே காரணம் பராமரிப்பிலும் கைகொடுக்கிறது. ஆர்ஜிபி வழியில் லைட் மெஜந்தாவில் நாலைந்து நாசில் (மை தெறிக்கும் நுண்துளை) அடைத்தால் படத்தின் சாம்பல் பச்சைக்கு ஓடும். நாசில் செக் எடுக்காமல் ப்ரொஃபைலைச் சந்தேகித்துத் தாள் தாளாகத் தீர்க்கிறவர்கள் உண்டு. ஏபிடபிள்யூவில் அதே அடைப்பு அவ்வளவாகத் தெரியாது. வருடங்கள் போனபின்பும் இப்படித்தான்: வண்ண நிறமிகள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வெளிறும், கார்பன் அசைவதில்லை. மை எவ்வளவு கலப்போ, அவ்வளவு நிறம் திரும்பும் வாய்ப்பும் கூடுதல்.

இத்தனைக்கும் ஏபிடபிள்யூவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதற்கென்று ப்ரொஃபைல் இல்லாததால், திரையில் முன்கூட்டியே பார்க்கும் சாஃப்ட் புரூஃப் கிடையாது. டோன் பகுதியில் உள்ள ‘டார்க்கர்’ அமைப்பில் நிழல்கள் ஒட்டிக்கொள்ளும். கருப்பின் அளவு 90, 95, 100 சதவீதமாக உள்ள கட்டங்கள் மேட் தாளில் ஒன்றுபோலவே தெரியும். முதலில் ‘டார்க்’, அடுத்து ‘நார்மல்’ என்று இறங்கிப் பாருங்கள். அதிலும் திருப்தி இல்லையென்றால் அளந்துவிடுவதே மேல்.

அளக்கும் முறை இது. 0 முதல் 100 வரை ஐந்தைந்தாக 21 கட்டங்கள் கொண்ட ஸ்டெப் வெட்ஜை, அதாவது வெள்ளையிலிருந்து கருப்புவரை படிப்படியாகக் கருக்கும் பட்டையை, படத்துக்குப் பயன்படுத்தப்போகும் அதே தாள், டிரைவரில் அதே மீடியா டைப் (தாள் வகை), அதே டோன் அமைப்பில் எடுங்கள். ஓர் இரவு உலரட்டும். ஈர மையை அளந்தால் கருப்பு தவறாக வரும். ஐ1ப்ரோ அல்லது கலர்மங்கி போன்ற ஸ்பெக்ட்ரோவால் (நிறம் அளக்கும் கருவி) கட்டங்களின் லேப் மதிப்புகளை (இதில் எல் என்பது வெளிச்ச அளவு: 0 கருப்பு, 100 வெள்ளை) எடுத்து உரைக் கோப்பாகச் சேமியுங்கள். குவாட்டோன் ரிப் என்ற அச்சு மென்பொருளோடு வரும் சிறு ப்ரொஃபைல் கருவியில் அதைக் கொடுத்தால் ஓர் ஐசிசி கிடைக்கும். அதன் ஆர்ஜிபி வகையைச் செய்துகொண்டால்தான் ஃபோட்டோஷாப்பின் பிரிண்ட் பட்டியலில் வரும். விண்டோஸில் அங்கே அதைத் தேர்ந்து, டிரைவரில் ஏபிடபிள்யூவை அப்படியே விட்டுவிடலாம். சாஃப்ட் புரூஃபுக்கும் இதுவே போதும்.

சரிபார்க்க ஒரு கணக்கு: தாளின் வெள்ளை எல் 96, மேட் தாளின் அதிகபட்சக் கருப்பு எல் 16 என்றால், 50 சதவீதக் கட்டம் 56க்கு அருகில் வர வேண்டும். பளபளப்பான பரைட்டா தாளில் கருப்பு 4 வரை இறங்கும். அங்கே நடுக்கட்டம் 50. மேட் தாளின் நிழல் பரைட்டா போல ஆழமாக வர வேண்டும் என்று எந்த வழியில் போராடினாலும் நடக்காது.

இனிப் பொதுவான சறுக்கல்கள். கோப்பு கிரே காமா 2.2 என்ற சாம்பல் ப்ரொஃபைலில் இருக்கட்டும், ஃபோட்டோஷாப் சில அமைப்புகளில் தானாகவே எடுத்துக்கொள்ளும் டாட் கெயின் 20% ஆஃப்செட் அச்சுக்கானது. மேட் தாளுக்கு போட்டோ பிளாக் போனால் கருப்பு வெளிறிப்போகும்; பளபளப்புத் தாளுக்கு மேட் பிளாக் போனால் கை பட்டாலே தேயும். இரண்டையும் தீர்மானிப்பது மீடியா டைப். ஆர்ஜிபி வழியில் டிரைவரின் வண்ணத் திருத்தத்தை அணைக்க மறந்தால் இருமுறை திருத்தம் நடந்து படம் மெஜந்தா ஏறி இருண்டு வரும்.

ப்ரொஃபைல் வழிக்கு அசைக்க முடியாத இடமும் உண்டு. நிழலில் நீலம், வெளிச்சத்தில் மஞ்சள் என்று இரு நிறமேற்றிய படத்தை ஏபிடபிள்யூவுக்கு அனுப்பினால் கோப்பில் ஏற்றிய நிறம் போய்விடும். ஒரே தாளில் கலரும் கருப்பு-வெள்ளையும் சேர்ந்து வந்தாலும் இதே கதைதான். எல்1800 போன்ற, ஒரே கருப்பு கொண்ட டை மை (நிறமிக்குப் பதில் கரையும் சாயம்) டேங்க் பிரிண்டர்களில் ஏபிடபிள்யூ என்ற பேச்சே இல்லை. அங்கே கருப்பு மையை மட்டும் வைத்து எடுத்தால் வெளிர் பகுதிகளில் புள்ளிகள் தெரியும், ஆகவே சாம்பல் கட்டங்கள் அதிகம் உள்ள சார்ட்டில் ப்ரொஃபைல் செய்துகொள்வதே வழி. பி900 போன்ற புதியவற்றில் ஆர்ஜிபி வழியே கருப்பு மைகளைத் தாராளமாக எடுப்பதால், இரண்டுக்கும் உள்ள இடைவெளி பழைய மாடல்களில் போல அவ்வளவு அப்பட்டமாக இல்லை.

கேனன் ப்ரோ-1000, ப்ரோ-300 ஆகியவற்றின் டிரைவரிலும் கருப்பு-வெள்ளைக்கென்று தனி முறை இருக்கிறது. எப்சனைப் பற்றிப் பேசுகிற அழுத்தத்தோடு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வைத்திருப்பவர்கள் ஒரே ஸ்டெப் வெட்ஜை இரு வழியிலும் எடுத்து, ஜன்னலோரத்திலும் 2700 கெல்வின் எல்இடியின் கீழும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 30 முதல் 60 சதவீதக் கட்டங்களைக் கவனித்தால் போதும்.