பத்து சாய்ஸா, அறுபது சாய்ஸா?

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால், விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி, பாடப்பிரிவு போடுவது என்று வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். கிண்டி, எம்.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று ஆசைப்பட்ட பத்தை மட்டும் போடுவது ஒரு வழி. பட்டியல் கைக்கடக்கம், குழப்பம் இல்லை. ஆனால் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்துக் கணக்கிடும் கட்ஆஃபில் 200-க்கு 185 எடுத்த பிள்ளை அங்கெல்லாம் கணினி அறிவியல் மட்டுமே கேட்டால், அந்தச் சுற்றில் வெறுங்கையோடு நிற்க நேரலாம்.

அறுபது போட்டால் மேலே உள்ள ஆசைக்கு ஒரு குறையும் வராது. உங்கள் தரவரிசை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைத்தான் தருகிறார்கள். எனவே வரிசைதான் உயிர். பாதுகாப்புக்காகப் போட்ட கல்லூரி ஆசைக் கல்லூரிக்கு மேலே ஏறிவிட்டால், அதுவே கிடைத்துவிடும்.

அக்கா மகள் நோட்டில் இரண்டு கோடு போட்டு கல்லூரிகளை மூன்றாகப் பிரித்தாள்: கடந்த ஆண்டு தன் சமூகப் பிரிவில் இடங்கள் முடிந்த கட்ஆஃப் தன்னுடையதைவிட அதிகம், ஏறக்குறைய சமம், குறைவு. எனக்கு இந்த நீளப் பட்டியல்தான் சரி. ஆனால் எண்ணிக்கைக்காக நிரப்ப வேண்டாம்; சேர மனமில்லாத கல்லூரியைக் கடைசி வரியில்கூடப் போடாதீர்கள்.