மகாபொல, பர்சரி, வட்டியில்லாக் கடன்: எதைத் திருப்பிக் கட்டவேண்டும்?

ஏ.எல். பெறுபேறு வந்த கிழமை, திருகோணமலை உவர்மலையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, மகாபொல எடுத்தா வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கட்டவேணுமா?"

கட்டத் தேவையில்லை. ஆனாலும் அவள் குழம்பியதில் பிழையில்லை. மகாபொல என்ற புலமைப்பரிசில், பர்சரி என்ற உதவுதொகை, வட்டியில்லாக் கடன் மூன்றையும் 'கம்பஸ் காசு' என்று ஒரே பையில் போட்டுத்தான் பேசுகிறோம்.

மகாபொல நிதியம் 1981இல் லலித் அத்துலத்முதலி தொடங்கியது. அதன் வருமானத்தில் ஒரு பங்கு லொத்தர் விற்பனையிலிருந்து வருகிறது. திருகோணமலை பஸ் நிலையத்தில் விழாமல் போன சீட்டைக் கிழித்துப் போடுகிறவர், யாரோ ஒரு பிள்ளையின் மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்தார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். மகாபொலவில் திறமை, சாதாரணம் என்று இரண்டு பிரிவு. பெயரில் 'புலமை' இருப்பதால் ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி மட்டும் போதும் என்று நினைத்து, வருமான விபரத்தை ஏனோதானோவென்று நிரப்புகிறவர்கள் உண்டு. சாதாரணப் பிரிவில் குடும்ப வருமானமும் பார்க்கப்படும்.

மகாபொல கிடைக்காதவர்களில் வசதி குறைந்தோருக்கு பர்சரி. இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. வித்தியாசம் 1,000 ரூபாய்தான். பர்சரி என்றதும் முகம் சுளிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது என்பதால், இரண்டுமே சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும்தான்.

வட்டியில்லாக் கடன் வேறு கதை. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாதவர்கள், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017இல் வந்த திட்டம் இது. வட்டியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கடனாக எடுத்த முதல் தொகை உங்கள் தலையில். 8 இலட்சம் எடுத்து 8 வருடத்தில் கட்டுவதாக வைத்துப் பாருங்கள்: மாதம் ஏறக்குறைய 8,333 ரூபாய். படிப்பு முடிந்ததும் ஒரு சலுகைக் காலம் உண்டு. அது தள்ளிப்போடுதல்தான், தள்ளுபடி இல்லை. அப்புறம், பிணையாளி. மாமா 'சும்மா ஒரு கையெழுத்து' என்று போடுவது சாட்சிக் கையெழுத்து அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் வங்கி அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஓரளவு பிடித்த பாடம் கிடைத்தால், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்து பர்சரியோடு படிப்பதுதான் என் கணக்கில் இலாபம். அதை விட்டுக் கொழும்பில் வேறு கடன் எடுத்துப் படித்தால் போர்டிங் வாடகையே தனியாகக் கழுத்தை நெரிக்கும். ஆனால் பிடிக்காத பாடத்தில் நான்கு வருடம் இருப்பதும் செலவுதான். அரச பல்கலைக்கழகத்தில் அனுமதியே கிடைக்காதவர்களுக்கு வட்டியில்லாக் கடன் நல்ல வழி. படித்து முடித்தால் என்ன சம்பளம் வரும் என்று முதலில் விசாரிக்கவேண்டும், அவ்வளவுதான்.

தங்கச்சி இப்போது வருமானச் சான்றிதழுக்கு அலைகிறாள். கிராம சேவகரிடம் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கவேண்டும். அவளுடைய அப்பா கடற்தொழில். மீன் படுகிற மாதத்தை எழுதுவதா, வாடைக்காற்றில் கரையில் கிடக்கிற மாதத்தை எழுதுவதா என்று வீட்டில் இன்னும் வாக்குவாதம்.