சேகாவுக்கு வாங்கிய ரவான்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மொரிஷியஸில் ரவான் என்ற தோல் முரசை வாங்குகிறவர்கள், இந்தத் தீவின் பாட்டும் ஆட்டமுமான சேகாவுக்கு வாசிக்கத்தான் வாங்குவார்கள். நானும் அதற்குத்தான் வாங்கினேன். ஆனால் இத்தனை வருடத்தில் அது எனக்கு அதிகம் உதவியது வேறு நாட்டு இசையைக் காது கொடுத்துக் கேட்பதற்குத்தான். ஒலிப்பதிவை ஓடவிட்டு, ரவானை மடியில் வைத்துக் கூடவே வாசிப்பேன். எங்கே ஒட்டுகிறது, எங்கே இடிக்கிறது என்று கை உடனே சொல்லிவிடும். மரச்சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய வாத்தியம் ஏகப்பட்ட நாடுகளில் இருப்பதால், இந்த வேலைக்கு ரவான் ரொம்பத் தோது.

முதலில் பொருளைப் பற்றி. வளைத்த மெல்லிய சட்டம், அதில் ஆட்டுத்தோல். தூக்கினால் கனமே தெரியாது. தொடைமேல் நிறுத்தி இரண்டு கையாலும் வாசிக்கும்போதுதான், மேலே பிடித்திருக்கும் மணிக்கட்டு வலி எடுக்கும். உள்ளே தள்ளி அடித்தால் கும்மென்று அடிவயிற்றில் இறங்கும். ஓரத்தில் விரல் பட்டால் பளிச்சென்று தெறிக்கும். இந்த இரண்டு ஒலிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதோ அவ்வளவு நல்ல ரவான். வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான்.

இனி குறை. ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும். கடலோரப் போர்ட் லூயிஸில் மணிக்கணக்கில் தாங்குகிற அதே ரவான், மேட்டுநிலத்து ஊரான க்யூர்பிப்பின் தூறலில் கொஞ்ச நேரத்திலேயே சொதசொதவென்று ஆகிவிடும். அப்புறம் நெருப்புதான். காய்ந்த சருகையோ வைக்கோலையோ கொளுத்தி, தோலை அனலுக்குக் காட்டிச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். நடுநடுவே விரலால் தட்டிக் கேட்க வேண்டும். மந்தமான ஒலி படிப்படியாக ஏறி, ஓர் இடத்தில் கணீரென்று நிற்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பேராசைப்பட்டு இன்னும் காட்டினால் தோல் கிழியும். பறையைக் காய்ச்சிப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் தலைமுடி உலர்த்தும் கருவியைப் பிடிக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

செயற்கைத் தோல் போட்ட ரவானும் கிடைக்கிறது. மழைக்கு அசையாது, நெருப்பு வேண்டாம். ஓட்டல் கச்சேரிகளுக்குச் சரி. எனக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறது.

இனி வெளிநாடு. சேகாவின் ஓட்டம் ஆறு எண்ணிக்கை. நம் கணக்கில் தகிட தகிட. அயர்லாந்தின் ஜிக் நடனமும் அதே ஆறுதான். அதனால் ரவானில் ஜிக்குக்குக் கூட வாசிப்பது சுலபம் என்று தோன்றும். பாதி சுலபம்தான். ஜிக்கில் அழுத்தம் முதல் தட்டிலும் நாலாவது தட்டிலும் உறுதியாக விழுகிறது. சேகாவில் அதே ஆறு சில சமயம் மும்மூன்றாகவும் சில சமயம் இரண்டிரண்டாகவும் கேட்டு, இடுப்பை ஆட்டிவிடும். அந்த ஆட்டத்தை அடக்கினால்தான் ஜிக் வரும். ஐரிஷ்காரர்களின் சட்ட முரசான பௌரானும் ஆட்டுத்தோல்தான். ஆனால் சிறு குச்சியால் வாசிப்பார்கள், மறுகை தோலுக்குப் பின்னாலிருந்து அழுத்தி ஒலியை ஏற்றி இறக்கும். அவர்களின் இன்னொரு நடனமான நாலு எண்ணிக்கை ரீல் வேகமெடுத்தால் ரவானின் கும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடுகிறது.

வட ஆப்பிரிக்காவின் பென்டிர் என்ற சட்ட முரசில் தோலுக்குப் பின்னால் நரம்பு இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ரீங்காரம் கூடவே வரும். குர்து மக்களின் டஃப் என்ற முரசில் சட்டத்தின் உள்பக்கம் இரும்பு வளையங்கள். இரண்டுக்கும் கூட வாசித்தால் ரவான் மொட்டையாகத்தான் கேட்கிறது. தாளம் ஒட்டுகிறது, நிறம் ஒட்டவில்லை.

ஒருமுறை கோயில் பஜனைக்கும் கொண்டுபோனேன். அங்கே கஞ்சிரா வாசிக்கும் தம்பி, "அண்ணே, நீங்க நெருப்புல காட்டுறீங்க, நான் தண்ணி தெளிக்கிறேன்" என்று சிரித்தார். உண்மைதான். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவில் உடும்புத் தோல். அது முறுக்கிக்கொண்டே நிற்கும், உள்பக்கம் ஈரம் தொட்டுத் தளர்த்தினால்தான் கீழ் ஒலி வரும். பஜனையில் ரவான் எடுபடவில்லை. அது பாட்டை விழுங்கிவிடுகிறது.

மிக நெருக்கமாக ஒட்டியது பக்கத்துத் தீவுதான். ரெயூனியனின் மாலோயா இசையில் ரூலேர் என்ற பீப்பாய் முரசின்மேல் உட்கார்ந்தே வாசிப்பார்கள். கரும்புப் பூத்தண்டில் செய்து உள்ளே விதை போட்ட காயாம்ப், சேகாவில் நாம் குலுக்கி வாசிக்கும் மரவானின் உடன்பிறப்பு. இங்கே ரவானை எடுத்தால் யாரும் அந்நியம் என்று சொல்ல முடியாது.

கேட்பதற்கு எங்கே போவது? பாட்டுச் செயலிகளில் 'உலக இசை' என்று தேடினால் யோகா வகுப்புக் குழலிசைதான் முதலில் வருகிறது. நான் அதிகம் நம்புவது ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் தொகுப்பை. 1948-இல் நியூயார்க்கில் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம், 1987-இல் அமெரிக்க அருங்காட்சியக நிறுவனமான ஸ்மித்சோனியன் கைக்கு வந்தது. தட்டோடு வந்த குறிப்பேடுகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். யார் வாசித்தார்கள், எந்த ஊரில் பதிவானது என்ற விவரம் அதில் இருக்கும். யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் மாலோயா 2009-இலும் மொரிஷியஸ் சேகா 2014-இலும் ரோட்ரிக்ஸ் தீவின் சேகா தாம்பூர் 2017-இலும் சேர்ந்தன. யுனெஸ்கோவின் இணையதளத்தில் உள்ள காணொளிகளில் வாசிப்பவரின் கை தெரிகிறது, ஒலியை விட எனக்கு அதுதான் முக்கியம்.

சேகா மட்டும் போதும் என்பவர்கள், மேட்டுநிலத்தில் குடியிருந்தால், செயற்கைத் தோலே வாங்கலாம். என்னைப் போல ஊர் ஊராகக் கேட்டுத் திரிகிறவர்களுக்கு ஆட்டுத்தோல்தான். தோல் போனால் சட்டத்தைத் தூக்கி எறிய வேண்டாம். புதுத் தோலை ஊறவைத்து இழுத்துப் போர்த்தித் தருகிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள்.