ரன் அவுட் இருந்தால் எந்த எட்ஜ் ஃபைண்டரை நம்பலாம்?

வியாசர்பாடி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வி.எம்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மிஷின்) செட்டிங் பார்க்கிறேன். போன மாதம் பன்னிரண்டு பிளேட்டில் டவல் பின் (பாகங்களை இடம் மாறாமல் பொருத்தும் முளை) ஓட்டை எல்லாமே ஒரே பக்கமாக 0.03 மி.மீ. தள்ளிப் போய்விட்டது. புரோகிராமைத் திரும்பத் திரும்பப் படித்தோம், வைஸைக் கழற்றி மாட்டினோம், கடைசியில் சென்டர் எடுத்த எட்ஜ் ஃபைண்டரின் (ஜாப்பின், அதாவது வேலைப் பொருளின், ஓரத்தைத் தொட்டு இடம் காட்டும் கருவி) உருண்டையில் லீவர் டயலை (சின்ன ஆட்டத்தையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்து, கருவியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் முள் 0.06 ஆடுகிறது. இந்த ஆட்டம்தான் ரன் அவுட். ஆட்டம் 0.06 என்றால் மையம் விலகியது அதில் பாதி. இதை மறந்து முழு 0.06-ஐயும் ஆஃப்செட்டில் (மிஷினில் பதியும் ஜாப்பின் இட அளவு) கழித்து, தப்பை எதிர்ப்பக்கம் திருப்பிவிடுகிறவர்கள் நிறைய.

அது விளக்கு எரியும் வகை. 20 மி.மீ. ஷாங்க் (மேல் தண்டு), 10 மி.மீ. உருண்டை, ஜாப்பைத் தொட்டதும் சிவப்பு விளக்கு. ஸ்பிண்டில் நின்றபடியே தொடுவதால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் ஷாங்க்கைப் பிடிக்கும் கோலெட்டில் இருக்கிற கோணல் அப்படியே அளவில் ஏறும். மின்சாரம் கடத்தாத நைலான் மாதிரி ஜாப்புக்கு உதவாது.

சுற்றிக்கொண்டே உதறுமே, அந்தப் பழைய ஸ்பிரிங் வகை வேறு ரகம். 600 முதல் 1000 ஆர்.பி.எம்.முக்குள் ஓட விட்டு ஓரத்தை நெருங்கினால், தள்ளாடுகிற முனை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, அசையாமல் நிற்கிற மாதிரியே தெரியும், அடுத்த 0.01 நகர்த்தியதும் சட்டென்று பக்கவாட்டில் உதறும். 4 மி.மீ. முனை என்றால் அந்த இடத்தில் ஓரத்துக்கும் ஸ்பிண்டில் மையத்துக்கும் 2 மி.மீ. முனை மேல்பாகத்தின் மேல் வழுக்கி ஸ்பிண்டில் சுழலும் மையத்தைத் தேடிப் போவதால் சின்ன ரன் அவுட்டைப் பெரும்பாலும் தானே விழுங்கிவிடும். எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் ஒன்று: இரண்டு பாகமும் சேரும் முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, கிரைண்டிங்கிலிருந்து வந்த ஜாப்பில் காந்தம் மிச்சம் இருந்தாலோ உதறும் இடம் மாறும். துடைத்துவிட்டு மூன்று முறை தொட்டுப் பாருங்கள், மூன்றும் ஒன்றாக வர வேண்டும்.

விளக்கு வகைதான் கையில் இருக்கிறதா? முதலில் கோணல் எங்கே என்று கண்டுபிடியுங்கள். டயலில் உச்சம் வரும் இடத்தில் ஃபைண்டர் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கோலெட்டைத் தளர்த்தி ஃபைண்டரை மட்டும் அரைச்சுற்று திருப்புங்கள். உச்சம் கோட்டோடு சேர்ந்து நகர்ந்தால் குறை ஃபைண்டரில். ஸ்பிண்டிலின் அதே பக்கத்திலேயே நின்றால் கோலெட், இல்லை டேப்பர் (ஸ்பிண்டிலில் ஹோல்டர் உட்காரும் கூம்பு). அங்கே ஒரு சிப் (உலோகச் சீவல்) மாட்டியிருக்கும், கழற்றித் துடைத்தாலே பாதி சரியாகும். நாங்கள் துடைத்த பிறகும் உச்சம் கோட்டோடுதான் போனது. உருண்டையைக் கொஞ்சம் இழுத்து விட்டோம், சரியாக உட்கார்ந்தது, 0.06 ஆடியது 0.02 ஆனது.

மிச்சத்துக்கு மருந்து 180 டிகிரி. ஒரே ஓரத்தை ஒரு முறை தொட்டு, ஸ்பிண்டிலை அரைச்சுற்று திருப்பி மறுபடி தொட்டு, இரண்டின் சராசரியை எடுத்தால் கோணல் கழிந்துவிடும். சென்டர் எடுக்கும்போது இன்னும் எளிது: இடப்பக்கம் தொட்ட பிறகு அரைச்சுற்று திருப்பி வலப்பக்கம் தொட்டால் உருண்டையின் அதே புள்ளிதான் இரண்டு பக்கமும் படுகிறது, நடு தன்னால் சரியாக வரும். எம்19 (ஸ்பிண்டிலைக் குறித்த கோணத்தில் நிறுத்தும் கட்டளை) போட்டு நிறுத்தினால் கோணம் தவறாது.

முள்ளோடு வரும் 3டி சென்சார் நல்ல பொருள்தான், நான்கு ஸ்க்ரூவில் ரன் அவுட்டை எடுத்துவிட்டு அதற்கென்றே ஒரு ஹோல்டரில் நிரந்தரமாக வைக்கலாம், ஆரம் கூட்டிக் கழிக்கும் வேலையும் இல்லை. ஆனால் விலை. போர் (வட்ட ஓட்டை) சென்டருக்கு இவை எதுவும் வேண்டாம், லீவர் டயலை ஸ்பிண்டிலில் மாட்டி உள்ளே சுற்றினால் போதும், டயலைப் பிடித்திருக்கும் கோலெட் கோணல் அதில் சேராது.

எங்கள் பக்கம் கடற்காற்று வேறு, ஷாங்க்கில் ஒரு புள்ளி துரு வந்தாலும் கோலெட் அதைக் காட்டிக்கொடுக்கும். இப்போது எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் உள்ளே வைக்கிறோம், மாட்டியதும் முதலில் டயல், அப்புறம்தான் ஜாப்.