'ரூல்ஸ்படி எல்லாம் சரி' என்று விற்கிறார்கள்: பழைய ஸ்ட்ரீட் ஸ்டாக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எனக்குப் பழைய ரேஸ் கார் விற்ற ஆளின் விளம்பரம் நேற்று இரவு மறுபடியும் கண்ணில் பட்டது. கார் வேறு, நிறம் வேறு, வரி மட்டும் அதே வரி: "ரேஸுக்குத் தயார். ரூல்ஸ்படி எல்லாம் சரி. டிரெய்லரில் ஏற்றினால் போதும்." இந்த வரியை நம்பி 11,500 டாலர் கொடுத்தவன் நான். வட கரோலினாவில் சார்லட் பக்கம் இருக்கும் நம் ஆட்களில் சிலர் ஸ்ட்ரீட் ஸ்டாக் ஓட்டும் ஆசையோடு பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் கோயம்புத்தூர்க்காரன். செட்டிபாளையம் கரி டிராக்கில் வேலியைப் பிடித்துக்கொண்டு ரேஸ் பார்த்தவன். இங்கே வந்த பிறகு, சனிக்கிழமை இரவுகளில் சின்ன ஓவல் டிராக்குகளில் நடக்கும் ரேஸைப் பார்த்ததும் ஆசை மறுபடி பிடித்துக்கொண்டது. அங்கே ஓட்டுகிறவர்கள் பகலில் மெக்கானிக், பிளம்பர், பள்ளி வாத்தியார். அவர்களால் முடிகிறது என்றால் நம்மாலும் முடியும் என்று தோன்றியது. ஆறு வருஷம் சேமித்தேன்.

ஸ்ட்ரீட் ஸ்டாக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சின்ன டிராக்குகளில் ஓடும் ஒரு ரேஸ் வகுப்பு அது. பெரும்பாலும் 1978 முதல் 1988 வரை ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற மான்டி கார்லோ, மாலிபு, கட்லஸ் போன்ற கார்களின் சேஸிஸ்தான் அடிப்படை. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 108 அங்குலம். அதற்குள் ரோல் கேஜ் என்ற இரும்புக் குழாய்க் கூண்டைக் கட்டி, 350 கியூபிக் இஞ்ச் என்ஜின் வைத்து ஓட்டுவார்கள். செலவு எகிறக் கூடாது என்பதற்காகப் பல டிராக்குகள் '602' என்ற கிரேட் என்ஜினை அனுமதிக்கின்றன. தொழிற்சாலையிலேயே பூட்டி, சீல் போல்ட்டுகளோடு பெட்டியில் வரும் 350 குதிரைசக்தி என்ஜின் அது. அதைத் திறக்கக் கூடாது. பணக்காரனும் சம்பளக்காரனும் ஒரே என்ஜினோடு வரவேண்டும் என்பதுதான் அந்த விதியின் உயிர். அதனால்தான் இந்த வகுப்பையே தேர்ந்தெடுத்தேன்.

விற்றவர் பக்கத்து மாநிலத்துக்காரர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். "602 தானா?" என்று கேட்டதற்கு, "ஆமாம், சீல் ஒன்றுகூட உடையவில்லை, போன சீசன் முழுக்க டெக் பாஸ்" என்று போனில் மெசேஜும் அனுப்பினார். டெக் என்றால் டிராக்கில் நடக்கும் கார் சோதனை. சீல் போல்ட்டுகளைக் காட்டினார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தன. அவற்றுக்குப் போலி வந்து வருஷக்கணக்காகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது. போலி பெருகியதால்தான் சில அமைப்புகள் எண் போட்ட தங்கள் சொந்த சீலையே என்ஜினில் மாட்டுகின்றன.

எங்கள் டிராக்கில் புதிதாக வரும் காரை முதல் ரேஸுக்கு முன் முழுதாகச் சோதிப்பார்கள். சோதித்தவர் எழுபது வயதைத் தொடும் பெரியவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் கார்புரேட்டரைப் பார்த்தார். ஹோலி 4412, இரண்டு பேரல். அதன் தொண்டை 1.375 அங்குலம்தான் இருக்கவேண்டும். கடைந்து பெரிதாக்கியிருந்தால் அளவுக் குண்டு உள்ளே போய்விடும். போகவில்லை, சரி. அப்புறம் சீல் போல்ட்டைக் கையில் தடவிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வால்வு கவரைக் கழற்றச் சொன்னார். நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜை வால்வின் தலையில் வைத்து என்ஜினைக் கையால் சுற்றினார். 602-இல் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இன்டேக் வால்வை 0.435 அங்குலம் தூக்கும், எக்ஸாஸ்ட்டை 0.460. என் என்ஜினில் இன்டேக்கே 0.480 காட்டியது.

"தம்பி, இதை யாரோ திறந்து கேம் மாற்றியிருக்கிறார்கள்" என்ற பொருளில் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது அடைத்துவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த வரிசையில் நான்தான் திருடன்.

அடுத்தது எடை. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். ஓவலில் கார் இடப்பக்கம் மட்டுமே திரும்பும். திரும்பும்போது பாரம் வலப்பக்க டயர்கள்மேல் சாயும். நிற்கும்போதே இடப்பக்கம் எடை கூடுதலாக இருந்தால் நான்கு டயரும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும், வளைவில் வேகம் கூடும். அதனால்தான் டிராக்குகள் இடப்பக்க எடைக்கு உச்சவரம்பு வைக்கின்றன. எங்கள் டிராக்கில் ஓட்டுநரோடு சேர்த்து 55 சதவீதம். ஒரு ஊர் விதி இன்னொரு ஊரில் செல்லாது.

கார் வாங்கியதும் ஒரு செட்டப் கடைக்குக் கொண்டுபோய் 400 டாலர் கொடுத்து ஸ்கேலில் ஏற்றச் சொல்லியிருந்தேன். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை, கிராஸ் வெயிட், சக்கரத்தின் சாய்வான கேம்பர் எல்லாம் அச்சடித்த தாளில் கொடுத்தார்கள். இடப்பக்கம் 54.6 என்று இருந்தது. நிம்மதியாக இருந்தேன். டிராக் ஸ்கேலில் 55.6. நான் சீட்டில் இல்லாமலே கடையில் எடை போட்டிருக்கிறார்கள்! என் எடை 165 பவுண்டு, சீட் இருப்பதோ இடப்பக்கம். ஓட்டுநரையோ அவர் எடைக்குச் சமமான பாரத்தையோ சீட்டில் வைத்துத்தான் அளக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. டயர் காற்றைச் சரிபார்க்கவில்லை, கார் பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் முன்பக்க ஸ்வே பாரைக் கழற்றிவிடவும் இல்லை என்பதும் பிறகு விசாரித்ததில் தெரிந்தது. பார் முறுக்கிக்கொண்டிருந்தால் கிராஸ் வெயிட் எண்ணே பொய். வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் சேர்ந்து மொத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் கிராஸ் வெயிட். அது கூடினால் கார் திரும்ப மறுத்து வெளிச்சுவரை நோக்கிப் போகும், குறைந்தால் பின்பக்கம் வீசும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஸ்பிரிங் திருகைத் திருகியிருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு திருகியதுபோல்தான்.

ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் மிகை, எடைக்காக வைக்கும் ஈயக்கட்டியை இடமிருந்து வலம் மாற்றினால் தீர்ந்தது என்று நினைத்தேன். கழற்ற ஈயமே இல்லை. திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தவர், "அண்ணே, இங்க சத்தம் கட்டையா கேக்குது" என்றார். வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தோம். உள்ளே ஈயத்தைத் திணித்து, மேலே தகடு வைத்து வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். எடைக்கட்டியை வெளியே தெரியும்படி போல்ட் போட்டு, வெள்ளையடித்து, கார் எண்ணை அதில் எழுதவேண்டும் என்று பல டிராக்குகள் கேட்பது வீண் கெடுபிடி இல்லை. மோதலில் அது கழன்று ஓடினால் பின்னால் வருகிறவன் கண்ணாடியில்தான் போய் இறங்கும்.

ஆனால் எனக்கு வயிறு எரிந்தது பெல்ட்டைப் பார்த்துத்தான். ரேஸ் பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் 16.1 முத்திரை உள்ள பெல்ட்டுக்குத் தயாரித்த நாளிலிருந்து இரண்டு வருஷம்தான் ஆயுள். பட்டை வெயிலில் வலு இழந்துகொண்டே போகும், பார்வைக்குத் தெரியாது. "பெல்ட் புதுசு" என்று சொல்லித்தான் விற்றார். முத்திரைத் துணி சீட்டுக்கு அடியில் மடிந்து கிடந்தது. பெரியவர் பிரித்துக் காட்டினார்: ஆறு வருஷப் பழசு. 2001 பிப்ரவரியில் டேடோனா ரேஸில் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் அமெரிக்க ஸ்டாக் கார் ரேஸ் அமைப்பான நாஸ்கார் தலை, கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்தக் கவசத்தைக்கூட நான் புதிதாக வாங்கியிருந்தேன். பெல்ட் பிடிக்காவிட்டால் அந்தக் கவசம் என்ன செய்யும்? வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஏங்க, காரை வித்தவர் உங்ககிட்ட குழந்தைங்க இருக்கான்னு கேட்டாரில்ல?" கேட்டார். மகளின் வயதைக்கூடக் கேட்டார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நான் ஓட்டிய டிராக்கில் எல்லாம் பாஸ் ஆயிற்று, உங்கள் டிராக்கைப் பற்றி எனக்கென்ன தெரியும்" என்றார். எடை விஷயத்தில் அது ஓரளவு உண்மையாகக்கூட இருக்கலாம். திறந்த 602 எந்த டிராக்கிலும் 602 ஆகாது. இரண்டாவது முறை அழைத்தபோது என் எண்ணைத் தடுத்துவிட்டார். விற்பனைச் சீட்டில் 'உள்ளது உள்ளபடி, உத்தரவாதம் இல்லை' என்று கையெழுத்து வாங்கியிருந்தார். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். "சீல் உடையவில்லை" என்ற அந்த மெசேஜ் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வக்கீல் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். செட்டப் கடை 400 டாலரில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது, அதுவும் நாலு முறை நடந்த பிறகு.

இந்த விளையாட்டு பிறந்ததே இப்படி ஒரு சோதனையோடுதான் என்று அந்தப் பெரியவர் சொன்னார். 1949 ஜூன் 19, இதே சார்லட்டில் நாஸ்காரின் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' ரேஸ். முதலில் வந்த கிளென் டனவேயின் ஃபோர்டு கள்ளச்சாராயம் கடத்திய வண்டி. பின் ஸ்பிரிங்கில் செய்திருந்த வேலையைச் சோதனையில் கண்டுபிடித்து அவரைத் தகுதிநீக்கம் செய்து, ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கார் சொந்தக்காரர் வழக்குப் போட்டார், நிற்கவில்லை. ஓட்டியவர் செய்த வேலையா, வேறு யாராவது செய்ததா என்பதெல்லாம் கணக்கில் வராது. டெக்கில் நிற்கும் கார் யாருடையதோ, தண்டனையும் அவருக்குத்தான்.

அதனால் கார் பார்க்கப் போகும்போது "ரூல்ஸ்படி சரியா" என்று கேட்காதீர்கள். எந்த டிராக், எந்த வருஷ ரூல்புக் என்று கேளுங்கள். நீங்கள் ஓட்டப்போகும் டிராக்கின் ரூல்புக்கை அச்செடுத்துக்கொண்டு போங்கள். வால்வு கவரைக் கழற்ற அனுமதி கேளுங்கள், மறுத்தால் கிளம்பிவிடுங்கள். இடப்பக்கச் சட்டத்தை முனையிலிருந்து முனைவரை சுத்தியால் தட்டுங்கள். பெல்ட் முத்திரையைப் பிரித்துப் படியுங்கள். எங்கள் பெரியவர், முன்கூட்டியே சொன்னால் வாங்குவதற்கு முன்பே காரைப் பார்த்துச் சொல்வாராம். உங்கள் டிராக்கிலும் கேட்டுப் பாருங்கள். இதை நான் முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

கார் இப்போது என் கராஜில் ஸ்டாண்டின்மேல் நிற்கிறது. சட்டத்துக்குள்ளிருந்து எடுத்த ஈயம் 62 பவுண்டு, மேஜைமேல் இருக்கிறது. புது பெல்ட் வாங்கிவிட்டேன். என்ஜினுக்கு இன்னொரு வருஷம் சேமிக்கவேண்டும். சார்லட் சுற்றுவட்டாரத்தில் யாராவது கார் பார்க்கப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டயல் கேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை தவிர எந்த நாளானாலும் கூட வருகிறேன்.