கேஸ் இல்லாத மிக் வெல்டிங் மெஷின்: பழைய ஜீப்புக்கு ஒட்டு போட லாயக்கா?

ஆன்லைன்ல 13,000 ரூபா பக்கம் கெடைக்குற சின்ன கேஸ்லெஸ் மிக் வெல்டிங் மெஷின் (சிலிண்டர் இல்லாம, தானா வெளிய வர்ற வயர கரண்டுல உருக்கி ஒட்டுறது) ஒண்ணு வாங்கி, வீட்டு வாசல்ல நிக்கிற மஹிந்திரா எம்எம் 540 ஜீப்போட ஃப்ளோர் முழுசும் அதுலயே பத்த வச்சு முடிச்சாச்சு. பிராண்டு பேரு வேணும்னே போடல, இந்த ரேட்டுல வர்றது பாதிக்கு மேல ஒரே மாதிரி மெஷின்தான், கலரும் ஸ்டிக்கரும் மட்டும் வேற. மொதல்லயே சொல்லிடறேன், தகர வேலைக்கு இந்த காசுக்கு தாராளமா வாங்கலாம், சேசிஸ் பக்கம் மட்டும் கொண்டு போகாதீங்க.

வண்டிய பத்தி கொஞ்சம். எங்க போடி பக்கம் ஜீப்புக்கு பஞ்சமே கெடையாது, போடிமெட்டு ஏறி ஏலக்கா எஸ்டேட்டுக்கு ஆள் ஏத்திட்டு போற வண்டிங்க, நான் வாங்குனதும் அப்படி மலையில ஓடி தேஞ்சதுதான். 2112 சிசி பியூஜோ டீசல் இன்ஜின், அது இன்னமும் ஒரே செல்ஃப்ல எடுக்குது, கொறை சொல்லவே முடியாது. பாடிதான் போச்சு. இந்த ஜீப் பாடியில ஒரு வியாதி இருக்கு, பழைய வில்லிஸ் காலத்துல இருந்தே இருக்கு, ஃப்ளோருக்கு அடியில பலத்துக்காக தொப்பி ஷேப்ல வளைச்ச சேனல ஒட்டியிருப்பாங்க, அந்த சேனலுக்கும் ஃப்ளோருக்கும் நடுவுல சேறும் தண்ணியும் போய் உக்காந்துக்கும், திரும்ப வர வழி இல்ல, அதனால துரு உள்ள இருந்து வெளிய வரும். மேல பெயின்டு பளபளன்னு இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால ஒரு குத்து குத்துனா அப்பளம் மாதிரி நொறுங்கும். டிரைவர் கால் வைக்கிற எடம், சீட்டுக்கு அடியில, விண்ட்ஷீல்டு ஃபிரேமோட கீழ் ஓரம், இந்த மூணையும் குத்தி பாக்காம எந்த பழைய ஜீப்பும் வாங்காதீங்க. பட்டி பாத்து பெயின்ட் அடிச்சு விக்கிறவங்க ஜாஸ்தி.

புது பாடியே வாங்கி மாட்டிடுனு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அதுல இஷ்டம் இல்ல, ஒரிஜினல் தகரத்துல மிச்சம் இருக்குறத காப்பாத்தணும், அதுதானே பழைய வண்டி வச்சிருக்கறதுக்கே அர்த்தம். டிங்கரிங் கடையில குடுத்தா பெரும்பாலும் கேஸ் வெல்டிங்தான் (கேஸ் நெருப்புல உருக்கி ஒட்டுறது), நல்ல கை இருந்தா அது பிரமாதமா வரும், ஆனா சூடு பரவலா ஏறும், ஃப்ளோர் மாதிரி அகலமான தகரம் நெளிஞ்சு நிக்கும். மிக்ல சூடு ஒரே புள்ளியில விழுந்து சட்டுனு நின்னுடும், அதான் இதுக்கு வந்தேன். எங்க ஊர் டிங்கரிங் அண்ணன்கிட்ட சொன்னப்ப "கேஸ் இல்லாம மிக்கா, பட்டாசுதான் வெடிக்கும் தம்பி"ன்னார்.

அவர் சொன்னதுல பாதி உண்மை. வயருக்குள்ள பவுடர் ஃபிளக்ஸ் இருக்கும், அது எரிஞ்சு பொகையாவும் ஸ்லாக்காவும் (மேல படியுற கசடு) மாறி வெல்டிங்க காத்துல இருந்து காப்பாத்துது, அதனால சிலிண்டர் வேணாம், வாசல்ல காத்தடிச்சாலும் பரவால்ல. ஆனா பொறி நல்லாவே தெறிக்கும். இதுல ஒரு முக்கியமான விஷயம் போலாரிட்டி, அதாவது பிளஸ் எதுல மைனஸ் எதுலங்கறது. ஃபிளக்ஸ் வயருக்கு டார்ச் (கையில புடிக்கிற கன்) நெகட்டிவ்லயும் எர்த் கிளாம்ப் (தகரத்துல மாட்டுற கவ்வி) பாசிட்டிவ்லயும் இருக்கணும், எனக்கு வந்த மெஷின்ல கேஸ் சிலிண்டரோட ஓட்டுற சாதா வயருக்கு ஏத்த மாதிரி மாத்தி பூட்டியிருந்துச்சு, கூட வந்த காயிதத்துல இத பத்தி ஒரு வரி கெடையாது. மாத்தாம அடிச்சா நெசமாவே பட்டாசுதான், மெஷின் மேல பழி போட்டு ரிட்டர்ன் அனுப்பறவங்க நெறைய பேரு இங்கதான் மாட்டுறாங்கன்னு நெனைக்கறேன்.

ஜீப் ஃப்ளோருக்கு நான் போட்டது 18 கேஜ் சிஆர் ஷீட் (கோல்டு ரோல்டு தகரம்), அதாவது கிட்டத்தட்ட 1.2 எம்எம். வயர் 0.8 எம்எம். இந்த கனத்துல நீளமா கோடு இழுக்கவே கூடாது, ஓட்டை விழுந்துரும். ஒரு டேக் (சின்ன புள்ளி வெல்டு), அடுத்த டேக் ஒரு அடி தள்ளி, அப்புறம் எதிர் பக்கம், இப்படியே சுத்தி சுத்தி வந்து நடுவுல இருக்குற கேப்ப நெரப்பணும், கை வச்சு பாத்து சூடு ஆறுனப்புறம்தான் பக்கத்து புள்ளி. ஓட்டை விழுற எடத்துல பின்னாடி ஒரு செம்புத் தகடு புடிச்சா தப்பிக்கலாம், செம்புல வெல்டு ஒட்டாது. டார்ச்ச தள்ளாம இழுக்கணும், ஒவ்வொரு தடவையும் ஸ்லாக்க தட்டி பிரஷ் போட்டுட்டுதான் அடுத்தது. பொறுமை இல்லாதவங்களுக்கு இந்த மெஷின் சரிப்படாது. சுத்தமான தகரத்துலதான் பிடிக்கும், துருவுலயோ பெயின்ட்லயோ வச்சா நுரை நுரையா வரும், அதனால ஒட்டு போடுற ஓரத்த வெள்ளையா தெரியுற வரைக்கும் கிரைண்ட் பண்ணிக்கோங்க. கால்வனைஸ் தகரம் கெடைக்குதுன்னு அத போடாதீங்க, அதுல இருக்குற துத்தநாகம் எரிஞ்சு வர்ற பொகைய இழுத்தா குளிர் காய்ச்சலே வரும்.

கொறைங்க என்னன்னா, வயர் தள்ளுற ரோலர் பிளாஸ்டிக், இறுக்கமா வச்சா உள்ள பவுடர் இருக்குற வயர் நசுங்கும், லூசா வச்சா வழுக்கும், நடு அளவு புடிக்கறதுக்குள்ள உயிர் போயிடும். எர்த் கிளாம்ப் சும்மா பேருக்குத்தான், உடனே கடையில ஒரு கனமான கிளாம்ப் வாங்கி மாட்டிட்டேன், பாதி பிரச்சனை அதுலயே போச்சு. டியூட்டி சைக்கிள் 60 பர்சன்ட்னு போட்டிருக்கான், அதாவது பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் வெல்டு பண்ணலாம், மிச்ச நேரம் ஆற விடணும், டேக் அடிக்கறதுக்கு அது ஒரு விஷயமே இல்ல. சாயங்காலம் ஊர்ல வோல்டேஜ் கொறையறப்ப ஆர்க் சோந்து போயிடுது, நான் காலைலதான் வேலை பாக்கறேன். 15 ஆம்பியர் பாயின்ட்ல குத்துங்க, மெல்லிசு எக்ஸ்டென்ஷன் வேணாம். கூட குடுக்கற கை மூஞ்சி கண்ணாடிய தூக்கி போட்டுட்டு தானா இருட்டாகுற ஹெல்மெட் ஒண்ணு வாங்கிக்கோங்க, இல்லன்னா ராத்திரி கண்ணு உறுத்தி தூங்க விடாது. அப்புறம் டீசல்தானேன்னு டேங்க கழட்டாம பக்கத்துல பொறி பறக்க விடாதீங்க, பேட்டரி வயரும் கழட்டியே இருக்கணும்.

மாடிஃபிகேஷன்னு பாத்தா சீட் பிராக்கெட், ஜெர்ரி கேன் ஸ்டாண்டு, ஃப்ளோர்ல தண்ணி வடிய ரப்பர் அடைப்பு வச்ச ஓட்டை, இதெல்லாம் இதுலயே பண்ணிட்டேன், நல்லா நிக்குது. ரோல் கேஜ், ஸ்பிரிங் ஹேங்கர், சேசிஸ்ல விரிசல், இதுக்கெல்லாம் இந்த மெஷின் பத்தாது, மேல அழகா ஒட்டுன மாதிரி தெரியும், உள்ள எறங்கியிருக்காது, உயிர் போற விஷயம். அதுக்கு அனுபவமான வெல்டர்கிட்டயே போங்க. சட்டத்தையும் பாத்துக்கணும், மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவுப்படி ஆர்சியில இருக்குற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது. வின்டேஜ் வண்டின்னு பதிஞ்சு அதுக்குன்னு இருக்குற விஏ (VA) நம்பர் வாங்கலாமேன்னு கேக்கறாங்க, 2021ல வந்த அந்த விதிப்படி வண்டிக்கு 50 வயசு ஆகியிருக்கணும், சேசிஸ், பாடி, இன்ஜின்ல பெருசா எதையும் மாத்தியிருக்கக்கூடாது, புதுசா பதிய 20,000 ரூபா, அதுக்கப்புறமும் டெய்லி ஓட்ட முடியாது. 540க்கு அந்த வயசு இன்னும் வரல.

ஃபினிஷிங் கேஸ் மிக் அளவுக்கு வராது, கிரைண்டர்ல ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் தட்டு) போட்டு தேச்சா போதும், ஃப்ளோர் மேட்டுக்கு அடியில யாரு பாக்க போறா. வெளிய தெரியுற பானெட், ஃபெண்டருக்கு மட்டும் நான் டிங்கரிங் அண்ணன்கிட்டயே விட்டுட்டேன். 5க்கு 3.5 குடுப்பேன், ரோலர் இரும்புல குடுத்திருந்தா 4. வாங்கறவங்க வயர் ஸ்பூல வேலை முடிஞ்சதும் மெஷின்லயே விட்டுடாம கழட்டி கவர்ல கட்டி வைங்க, மழைக்காலத்துல அதுவும் துரு புடிச்சிரும்.