கிளச் பெடல் அவ்வப்போது தரைக்குப் போகிறதா? உடனே கியர்பாக்ஸை இறக்க விடாதீர்கள்

பழைய பிக்அப் வைத்து லோடு அடிக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்து ஆட்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். எனக்கு 14,800 ரூபாயும் ஓணத்துக்கு முந்தின வாரத்து ஓட்டமும் போய்விட்டது.

என் வண்டி 2009 மாடல், ஹைட்ராலிக் கிளச், அதாவது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. குலசேகரம், திருவட்டாறு பக்கம் வாழைக்குலை ஏற்றி வடசேரி சந்தைக்குப் போகும். ஓணம் நெருங்கினால் களியக்காவிளை தாண்டியும் ஓட்டம் இருக்கும். ஆடி மாதக் கடைசியில் கிளச் பெடல் தொல்லை கொடுக்க ஆரம்பித்தது. காலையில் எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. மார்த்தாண்டம் நெரிசலில் முக்கால் மணி நேரம் ஊர்ந்த பிறகு, மிதித்த பெடல் காலோடு அப்படியே கீழே போய்விடும். முதல் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று கடிக்கும். இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்தால் பெடல் மேலே வந்துவிடும். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒன்றுமே இருக்காது.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டு விட்டேன். சூடாகாத வண்டியை முற்றத்திலேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "பிளேட் தேஞ்சு போச்சு, கிளச் செட்டே மாத்தணும்" என்றார்கள். யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. ஆயில் டப்பாவின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கையில் ஓணம் லோடு இருந்த அவசரத்தில் நானும் சரி என்றேன். கியர்பாக்ஸை இறக்கி பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் மாற்ற மூன்று நாள் ஆனது. பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் அண்ணே" என்று ஒரு துண்டுச் சீட்டில் கூட்டித் தந்தார்கள். பழைய பிளேட்டைக் கேட்டேன். ஆக்கர்காரன் (பழைய இரும்பு வாங்குபவன்) எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள்.

நான்கு நாள் வண்டி நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் தக்கலையில், முழு லோடுடன், முதல் கியரில் கிளச்சை மிதித்தபடி நின்றுகொண்டிருந்தேன். கால் பெடலில்தான் இருந்தது, ஆனால் வண்டி தானாக முன்னால் நகர்ந்தது. எதிரில் ஒரு ஸ்கூட்டி, அதில் ஒரு அம்மாவும் யூனிஃபார்ம் போட்ட பிள்ளையும். பிரேக்கை அழுத்தி மிதித்ததும் எஞ்சின் ஆஃப் ஆகி நின்றது, ஒரு சாண் இடைவெளியில். அன்று முழுக்க கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுபடி அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "இன்புட் ஷாஃப்ட் பேரிங்கும் போயிருக்கும், இன்னொரு 9,000 ஆகும்" என்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அருமனைப் பக்கம் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டிப்போனார். பெரியவர் முதலில் கேள்விதான் கேட்டார். "மக்களே, லோடோட ஏத்தம் ஏறும்போ எஞ்சின் மட்டும் இரைஞ்சு வண்டி வலிக்காம நின்னுதா? கருகின மணம் வந்துதா?" இல்லை என்றேன். "அப்போ பிளேட்டை என்னத்துக்கு மாத்தினே?"

விஷயம் இதுதான். பிளேட் தேய்ந்தால் கிளச் வழுக்கும், வண்டிக்கு இழுவை இருக்காது. பெடல் கீழே போய் கியர் விழாமல் இருப்பதும், பம்ப் அடித்தால் சரியாவதும் ஆயில் பக்கத்துக் கோளாறு. பெரியவர் வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கச் சொன்னார். பிறகு என்னைப் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து, கியர்பாக்ஸ் பக்கம் கிளச்சைத் தள்ளிவிடும் ஸ்லேவ் சிலிண்டரின் ராடைப் பார்த்தார். நான் மிதித்ததும் வெளியே வந்த ராட், கால் பெடலிலேயே இருக்க, மெல்ல மெல்ல உள்ளே திரும்பியது. ஸ்லேவின் ரப்பர் பூட்டை விலக்கினால் ஈரம் இல்லை. பைப்பிலும் ஹோஸிலும் கசிவு இல்லை, டப்பாவில் ஆயில் குறையவில்லை. வெளியே எங்கும் போகாத ஆயில், பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளேயே ரப்பர் வாஷரைத் தாண்டித் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். சூடேறி ஆயில் இளகும்போது அது இன்னும் எளிதாக நழுவும். அதனால்தான் காலையில் தெரியவில்லை. அந்த நான்கு நாள் நிம்மதிக்கும் காரணம் சொன்னார்: கியர்பாக்ஸைத் திரும்ப ஏற்றியபோது புது ஆயில் ஊற்றி, பைப்புக்குள் இருந்த ஏரை வெளியே எடுத்திருக்கிறார்கள். அதில் கிடைத்த உயிர்தான் அது.

மாஸ்டரைக் கழற்றினால் உள்ளே துருப் புள்ளிகள். கிளச்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் ஊர் மழைக்கும் கடல் காற்றுக்கும் கேட்கவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டியதை நான் மாற்றவே இல்லை. உட்சுவர் வழுவழுப்பாக இருந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் போதுமாம். எனக்கு மாஸ்டரே மாற்ற வேண்டியிருந்தது. ஆயில், கூலி சேர்த்து 2,450 ரூபாய், இரண்டு மணி நேர வேலை.

கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் சூடான வண்டியில் அந்த ராடை உங்கள் கண்ணுக்கு முன்னால் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பழைய சாமானை வண்டியில் வைக்க வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலே புகார் கொடுக்கலாம், ஆனால் என் கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான். அதில் ஒர்க்‌ஷாப் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.